வெள்ளவத்தையில் ஃபோனை எடுக்காதீர்கள்

பூமத்திய ரேகைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், இந்துப் பெருங்கடலையே பார்த்தபடி ஒரு செயற்கைக்கோள் நிற்கிறது. அதன் பார்வையில் விழும் எந்தக் கப்பலிலிருந்தும் உலகத்தின் எந்த வீட்டுக்கும் பேசலாம். இதைச் சொன்னால் வாய் பிளக்காத ஆளை நான் கொழும்புக்குப் போகும்வரை சந்தித்ததில்லை. கொழும்பில் இதைச் சொன்னபோது ஒருவர் என் வாயைப் பொத்தினார். இன்னொருவர் "அதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு இடியப்பத்துக்குச் சொதி ஊற்றினார்.

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடியறையில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. முதலாளி சந்தானம் சார், நான், ஒரு மின்விசிறி. கப்பல்களின் ரேடியோ, ரேடார், அண்மையில் செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் பழுது பார்ப்போம். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலின் ஃபோன் ஊமையாகிவிட்டது என்று தகவல் வந்தது. சாருக்கு முதுகு பிடித்திருந்தது. எனக்கு வயது இருபத்து நான்கு, புதுக் கடவுச்சீட்டு வேறு.

"சண்டை நடக்கிற ஊருடா. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார் சார். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் பளீல் நானா; நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை, கொட்டாஞ்சேனையில் வீடு, ஐம்பது வயது, வெற்றிலைச் சிவப்பில் ஒரு சிரிப்பு. வண்டி நகர்ந்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன். "சார், இந்தப் பெட்டியில இருக்கிறது சேட்டலைட் ஃபோனோட..." அதற்குமேல் சொல்ல முடியவில்லை. என் வாயில் அவர் கை இருந்தது.

"தம்பி, அந்தச் சொல்ல இந்த ஊர்ல செல்லப்படாது. அது வெச்சீக்கிறவங்க ரெண்டே பேர்தான். ஒருத்தர் கப்பல் கெப்டன். மத்தவங்க காட்டுக்குள்ள ஈக்கிறாங்க. ஒங்களப் பாத்தா கெப்டன் மாதிரித் தெரியல்ல."

அடுத்த இருபது நிமிடத்தில் முதல் சோதனைச் சாவடி. சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்தான். பச்சை மின்சுற்றுப் பலகையைத் தூக்கி வெயிலில் பிடித்து, சிங்களத்தில் கேட்டான் (பேசியதை நானா பிறகு தமிழில் சொன்னார்): "இது என்ன?"

"பழுது பார்க்கிற சாமான். கப்பல்ல இருக்கிற பெரிய டீவிக்கு" என்றார் நானா, கண் சிமிட்டாமல்.

"கப்பலில் டீவியா? கிரிக்கெட் தெரியுமா?"

"ஓ, தெளிவாத் தெரியும்."

சிப்பாய் பொறாமையோடு பலகையைத் திருப்பிக் கொடுத்தான். நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கிய தொழில்நுட்பம் இப்படி டீவி ரிப்பேர் ஆனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்தடுத்த சாவடிகளில் நானே முந்திக்கொண்டு "டீவி, டீவி" என்றேன்.

வெள்ளவத்தையில் கடலை ஒட்டிய ஒரு சந்தில் தங்குவிடுதி. பதினோரு அறை, எல்லாவற்றிலும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள்; எனக்கு மாடியில் ஒரு சாமான் அறை. விசாவுக்குக் காத்திருப்பவர்கள், விசா கிடைக்காமல் காத்திருப்பவர்கள், எதற்கென்றே மறந்துபோய்க் காத்திருப்பவர்கள். விடுதிக்காரர் குகதாசன் அண்ணை, ஒரு காலத்தில் தபால் கந்தோரில் இருந்தவராம். முதலில் சாவியைத் தரவில்லை, ஒரு படிவத்தைத் தந்தார். யார் எங்கே தூங்குகிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். சென்னையில் நான் எங்கே தூங்குகிறேன் என்று என் அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. இங்கே ஓர் அரசாங்கமே அதில் அக்கறை காட்டியது. "வந்த நோக்கம்" என்ற இடத்தில் "டீவி" என்று எழுதினேன்.

மறுநாள் காலையில்தான் அந்தக் கூத்து. கூடத்து மேசையில், பின்னல் துணி போர்த்தி, வெளியே யாரும் பேசிவிடாமல் பூட்டுப் போட்டு, ஒரு தொலைபேசி இருந்தது. அது மணி அடித்தது. பக்கத்தில் இருந்தவன் நான். மரியாதைக்காகக் கை நீட்டினேன்.

"எடுக்காதேங்கோ!"

குறைந்தது ஏழு குரல்கள். ஒரு அம்மா இடியப்பத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். குகதாசன் அண்ணை ஒரு விரலை உயர்த்தினார். பிறகு இரண்டாவது விரல். மணி நின்றது. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். யாரும் மெல்லக்கூட இல்லை. ஒரு நிமிடம் கழித்து மறுபடி இரண்டு மணி அடித்து நின்றது. கூடம் மூச்சு விட்டது.

"எட்டேகால். நாலாம் நம்பர் அறை" என்றார் அண்ணை. "ரெண்டு. சுகம். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டான்."

இடியப்பத் தட்டோடு நின்ற அம்மா அழுதார். மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

விளங்காமல் விழித்த எனக்கு அண்ணை பாடம் எடுத்தார். ஃபோனை எடுத்தால்தான் அந்தப் பக்கம் காசு. எடுக்காவிட்டால் மணி இலவசம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நேரம் ஒதுக்கியாயிற்று. ஒரு மணி என்றால் "அடுத்தது பேசுறதுக்கு வாறன், எடுங்கோ." இரண்டு என்றால் சுகம். மூன்று என்றால் ஏதோ சரியில்லை.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணா, இதுல ஒரு தப்பு இருக்கு. கூப்பிடுறவர் காதுல கேக்கிற மணியும் இங்க அடிக்கிற மணியும் ஒண்ணு இல்ல. அவர் ரெண்டுன்னு நிறுத்தினா இங்க ஒண்ணோ மூணோகூட ஆகலாம்."

"அதுக்குத்தானே தம்பி ரெண்டாந்தரமும் அடிக்கிறது. ரெண்டு தரமும் ஒரே கணக்கு வந்தாத்தான் நம்புவம்."

நேரத்தைத் துண்டு போட்டு ஒரே கம்பியில் பதினோரு பேருக்குச் செய்தி அனுப்புவது, பிழை வந்தால் திரும்ப அனுப்பிச் சரிபார்ப்பது. நான் கல்லூரியில் ஒரு முழுப் பருவம் படித்துத் தேறிய பாடம். அதை இவர்கள் பின்னல் துணிக்கு மேல் நடத்திக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் என் செயற்கைக்கோளை அவிழ்த்துவிட்டேன். அப்போதுதான் அண்ணை "அதுக்கென்ன?" என்று சொதி ஊற்றியது.

ஆனால் ஒருத்தர் ஊற்றவில்லை. மூலையில் நான்கு வயதுப் பெண்ணுக்குப் பாண் ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திலகா அக்கா. முப்பது இருக்கும்.

"தம்பி, கப்பலுக்கும் அடிக்கலாமோ? இங்கயிருந்து அங்க?"

ஒரு கடிதத்தின் மூலையில் எழுதியிருந்த நீளமான எண்ணைக் காட்டினார். கணவர் ரவீந்திரன் ஒரு எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். இரண்டு நாளில் கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போடும். ஒப்பந்தம் முடிந்த ஆட்கள் படகில் இறங்குவார்கள். அவரும் இறங்குவார். இறங்கக் கூடாது.

இவர்கள் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். போன வாரம் விடியற்காலையில் ராணுவத்தினர் தெருவைச் சுற்றி வளைத்துத் தேடியிருக்கிறார்கள். கையில் பதிவுப் பட்டியல். அந்த வீட்டிலிருந்த இரண்டு ஆண்களைக் கொண்டுபோனார்கள், இன்னும் திரும்பவில்லை. மூன்றாவது பெயர் ரவீந்திரன். "எப்ப வருவார்?" என்று இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார்கள். பட்டியலில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தது அவரேதான், ஒழுங்காக, படிவத்தில், வடிவான கையெழுத்தில்.

"இதுதானா? இப்பவே பேசலாம் அக்கா!" என்று எழுந்துவிட்டேன். என் தொழிலுக்கு ஒரு பார்வையாளர் கிடைத்த சந்தோஷம். சொன்னால் வெட்கம்தான்.

காலி வீதியில் பத்தடிக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை. எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத் மாதிரிதான், ஆனால் சாமி படமும் ஊதுபத்தியும் இங்கே அதிகம். பேசப் போகிறவர்களுக்கு வேண்டியிருக்கிறது. கடைக்காரர் எண்ணை வாங்கிப் பார்த்தார்.

"இது எந்த நாடு?"

"நாடு இல்ல. இந்துப் பெருங்கடல்" என்றேன் பெருமையாக. "கடலுக்கும் நாட்டுக் குறியீடு உண்டு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இங்க ஒரு நாடு எடுக்க எத்தினை வருசமா அடிபடுகினம். கடலுக்குச் சும்மா குடுத்திட்டாங்களோ?"

கடை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எண்ணைத் திருப்பித் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த நம்பர் என்ர பில்லில விழுந்தா நாளைக்கு நான் கடை திறக்கேலாது. குறை நினையாதேங்கோ, பிள்ளை." அடுத்த நான்கு கடைகளிலும் இதே கதைதான், சாமி படம் மட்டும் வேறு.

திரும்பும் வழியில் திலகா அக்கா கடிதத்தை மடித்துக்கொண்டே நடந்தார். நான்தான் சொன்னேன்: "நாளைக்கு என் கப்பல்ல ஃபோனைச் சரி பண்ணிட்டு, அதுலேருந்தே பேசிடறேன்."

மறுநாள் கொச்சிக்கடை வாசல் வழியாக துறைமுகத்துக்குள் போனோம். அந்தோனியார் கோயிலுக்கு எதிரே நானா மாலு பாண் வாங்கித் தந்தார். மீன் வைத்த ரொட்டி, மிளகுக் காரம், மூன்று தின்றேன். கப்பலின் மேல்தளத்தில், கவிழ்த்த பானை போல வெள்ளைக் கூடு, உள்ளே ஆன்டெனா. சாவடி சாவடியாக டீவி என்று பொய் சொல்லிக் கொண்டுவந்த பலகையை மாற்றினேன். ஊமை ஊமையாகவே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கேபிள் முனையைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. உப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஃபோன் பேசியது. பலகைக்கு வேலையே இருக்கவில்லை.

"உப்பத் தேய்க்கவா இந்தியாவுலயிருந்து வந்தீங்க?" என்றார் நானா.

சோதனைக்குச் சில அழைப்புகள் போடலாம் என்று கெப்டன் சொல்லியிருந்தார். முதல் அழைப்பு திலகா அக்கா எழுதித் தந்த எண்ணுக்கு. எங்கள் கப்பலிலிருந்து விண்ணுக்கு, விண்ணிலிருந்து தரை நிலையத்துக்கு, மறுபடி விண், அங்கிருந்து இன்னொரு கப்பல். ஒரு வட இந்திய ரேடியோ அதிகாரியின் குரல் கிடைத்தது. விவரம் சொல்லி, விடுதியின் எண்ணையும் கொடுத்தேன். அவர் அலுத்துக்கொண்டார்.

"இறங்குகிறவர்கள் பட்டியல் போய்விட்டது, நண்பரே. மாற்ற வேண்டுமென்றால் அந்த ஆளே இன்று மாலைக்குள் கெப்டனிடம் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் சொன்னார் என்று நான் போய் நிற்க முடியாது. இப்போது அவர் இயந்திர அறையில் இருக்கிறார். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார்; நான்கு மணிக்கு மனைவிக்கே பேசச் சொல்கிறேன்."

விடுதியில் நான்கு மணி திலகா அக்காவுக்கு ஒதுக்கிய நேரம்தான். ஆனால் ஃபோன் வந்தால் எடுக்க வேண்டுமே! அதைச் சொல்ல விடுதிக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார்களா? எண்ணிக்கொண்டிருப்பார்கள். சரி, அவர்கள் முறைப்படியே செய்வோம் என்று, ஒரே மணியில் வெட்டினேன். அதாவது, வெட்டியதாக நினைத்தேன். என் பொத்தான் அமுங்கிய செய்தி விண்ணுக்குப் போய்க் கீழே வந்து, தரை நிலையம் யோசித்து முடிப்பதற்குள் அங்கே இரண்டாவது மணி அடித்திருக்கும். பதறிப்போய் மறுபடி ஒரு தரம் செய்தேன். அங்கே மறுபடி இரண்டு. இரண்டு தரமும் ஒரே கணக்கு. சுகம் என்று ஆணித்தரமாகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. இந்த மணிக் கணக்கு கொட்டாஞ்சேனையிலும் இதேதான் என்று அக்கா சொல்லியிருந்தார். ரவீந்திரனும் முறைப்படி ஒரு மணி விட்டு வெட்டுவார். விடுதியில் அது இரண்டாக விழும். சுகம் என்று எல்லாரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

மணி இரண்டரை. ஓடினேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். கப்பலிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பும் எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டரை என் குரல் கால் நொடியில் கடந்தது. கொச்சிக்கடையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பத்து கிலோமீட்டர்கூட வராது. முதல் பஸ்ஸை ஒரு சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கி, மறுபக்கம் நடக்கவிட்டு ஏற்றினார்கள். நான் ஏறுவதற்குள் பஸ் போய்விட்டது. இரண்டாவது பஸ் கோட்டையைத் தாண்டியதும் யாரோ பெரியவரின் வாகன அணி போகிறதென்று வீதியை அடைத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளை விரித்து, "இனி அரை மணித்தியாலம்" என்றார், மழை வருமென்று சொல்கிற குரலில். இறங்கி ஓட்டோ பிடித்தேன். அடுத்த சாவடியில் என் பெட்டியைத் திறந்து பலகையைத் தூக்கிப் பார்த்தவன், முதல் நாள் பார்த்த அதே சிப்பாய். இடம் மாற்றியிருந்தார்கள் போலிருக்கிறது.

"டீவி சரியாகிவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஓட்டோக்காரர் மொழிபெயர்த்தார்.

"ஆயிற்று."

"ஸ்கோர் என்ன?"

எனக்கு எப்படித் தெரியும்? "நூற்றெழுபதுக்கு நாலு" என்றேன். முகம் மலர்ந்து அனுப்பிவைத்தான். அன்றைக்கு எங்கேயாவது ஆட்டம் நடந்ததா என்று இன்றுவரை தெரியாது.

விடுதிப் படியில் கால் வைத்தபோது நான்கு மணி இரண்டு நிமிடம். ஆறாம் நம்பர் அறைப் பெரியவர் என் கையில் ஒரு சீனிப் பணிஸை, எங்கள் ஊர் இனிப்புப் பன்னை, திணித்தார். "சாப்பிடுங்கோ தம்பி. ரெண்டேகாலுக்கு மகன் அடிச்சவன், சுவிஸிலயிருந்து. இண்டைக்கு அவன்ர நாளே இல்லை, எண்டாலும் அடிச்சிருக்கிறான்!" அந்த மகன் நான்தான். பணிஸை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

கூடத்தில் அண்ணை இரண்டு விரலைத் தூக்கி நின்றார். மணி அப்போதுதான் நின்றிருந்தது. திலகா அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"சுகமாம்" என்றார் அண்ணை.

"இல்ல! அவர் விட்டது ஒண்ணுதான், சேட்டலைட் ரெண்டாக்கிடுச்சு! அடுத்தது நிஜம். எடுங்க!"

"அடுத்ததும் ரெண்டு வரும். அதுதான் முறை. எடுத்தா அந்த மனுசனுக்கு எவ்வளவு காசு தெரியுமே?"

மணி அடித்தது. நான் கை நீட்ட, அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டாவது மணி. மற்றக் கையால் நீட்டினேன். நாலாம் நம்பர் அம்மா அதைப் பிடித்தார். மூன்றாவது மணி. "ஐயோ, மூண்டு!" என்றது கூடம். எங்கள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு திலகா அக்கா பின்னல் துணியோடு சேர்த்து ஃபோனைத் தூக்கினார்.

"ஹலோ."

பதில் இல்லை. "ஹலோ, ஹலோ" என்றார். அதன் மேலேயே ரவீந்திரனுடைய ஹலோ வந்து விழுந்தது. குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுங்க அக்கா! குரல் மேல போய் வரணும்!"

பொறுக்கிற நிலையில் யார் இருந்தார்கள்? அவர் பாட்டுக்குப் பேசினார்: "திலகா, நாளைக்குப் பத்து மணிக்கு போட்டில வந்திருவன். பிள்ளையின்ர காலுக்குச் சப்பாத்து வாங்கினனான், நடந்தா லைட் பத்தும்..." அதே நேரம் அக்கா, "இறங்காதேங்கோ" என்றார். இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்கின.

"என்ன?" என்றார் அவர்.

"இறங்காதேங்கோ. கப்பலோட அங்காலயே போங்கோ."

அரை நொடி. ஒரு நொடி. பிறகு ஒரு சீழ்க்கை, பிறகு ஒன்றுமில்லை. கப்பல் திரும்பும்போது பாய்மரம் போல நிற்கும் கம்பம் ஆன்டெனாவை மறைத்தால் இணைப்பு அறும் என்று எனக்குத் தெரியும். ஆறு பக்கம் விளக்கம் எழுதுவேன். அவர் அதைக் கேட்டாரா இல்லையா என்பதுதான் தெரியாது.

திலகா அக்கா ஃபோனை வைக்காமல் பிடித்திருந்தார். குழந்தை மட்டும், "என்ன கலர் சப்பாத்து?" என்று கேட்டது.

என் விமானம் மறுநாள் காலை ஏழு மணிக்கு. அவர்கள் இறங்கும் நேரம் பத்து மணி. கிளம்பும்போது பளீல் நானா வந்தார். நடந்ததைக் கேட்டுக் கொஞ்சம் வெற்றிலையை மென்றார். "நான் துறைமுக ஜெட்டில, ஆள் எறங்குற எடத்துல, நிண்டு பாக்கிறேன், தங்கச்சி. எறங்கினாரா எறங்கலையான்டு இங்கயும் அடிக்கிறேன், தம்பிக்கும் அடிக்கிறேன்."

குகதாசன் அண்ணை பேரேட்டைத் திறந்து, பதினோராவது அறைக்குக் கீழே என் பெயரை எழுதினார். "உங்களுக்குப் பதினொண்டே முக்கால், உங்கட நேரத்துக்கு. ரெண்டு எண்டா இறங்கேல்ல. மூண்டு எண்டா..." முடிக்கவில்லை. "எடுத்துப்போடாதேங்கோ, என்ன?"

சென்னை அப்படியே இருந்தது. ஓட்டோவை யாரும் நிறுத்தவில்லை, பெட்டியை யாரும் திறக்கவில்லை. எனக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. பதினொன்றரைக்கு அலுவலகத்தில், கழற்றி மாற்றிய பழைய பலகையை சார் முன்னால் வைத்துவிட்டு, ஃபோனுக்கு எதிரே உட்கார்ந்தேன். உப்பு விஷயத்தைச் சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மணி அடித்தது. சாரின் கை நீண்டது. பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீங்க சார்!"

"டேய், பார்ட்டி போன்டா!"

ஒன்று. இரண்டு. நின்றது.

மணிக்கட்டை விடவில்லை. கூப்பிடுகிறவர் கேட்கும் மணியும் இங்கே அடிக்கும் மணியும் ஒன்றல்ல என்று வெள்ளவத்தைக்கே பாடம் எடுத்தவன், சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி கிறீச்சிட்டது. சார் ஏதோ திட்டினார், காதில் விழவில்லை.

மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு.

கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது வரவில்லை.

நடந்தால் விளக்கு எரியும் சப்பாத்து ஒரு ஃபிட்டரின் பெட்டிக்குள் அடுத்த துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தீவிலிருந்து எனக்கு வந்த நல்ல செய்தி அதுதான்.

"யாருடா அது?" என்றார் சார், கையைத் தடவிக்கொண்டே.

"சுகமாம், சார்" என்றேன்.